1.9 மில்லிமீட்டர்

மாதவிடாய் ஐந்து நாளில் முடிந்துவிடும். அப்புறமும் ஒரு வாரம் பழுப்பு நிறத்தில் சொட்டுச் சொட்டாகக் கசியும். மகள் சிசேரியனில் பிறந்ததிலிருந்து மூன்று வருடம் இதே கதைதான். "சில பேருக்கு அப்படித்தாம்மா" என்று ஹார்மோன் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இரண்டாவது குழந்தை உண்டாகாமல் இழுத்தடித்த பிறகுதான் டாக்டரை மாற்றினேன்.

புது டாக்டர் உள்வழி ஸ்கேன் எடுத்தார். கருப்பைக்குள் கொஞ்சம் உப்புநீர் செலுத்தி மறுபடியும் பார்த்தார். பழைய தையல் இருந்த இடத்தில் சுவர் உள்பக்கமாகக் குழிந்திருந்தது. பெயர் இஸ்த்மோசீல். ரத்தம் அந்தக் குழியில் தேங்கி, பிறகு மெல்லக் கசிகிறதாம். அந்த இடத்தில் மிச்சமிருந்த தசை 1.9 மில்லிமீட்டர். 3 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் ஹிஸ்டரோஸ்கோப் (பிறப்புறுப்பு வழியாகக் கருப்பைக்குள் விடும், விளக்கும் கேமராவும் கொண்ட மெல்லிய குழாய்) விட்டு உள்ளிருந்து சீவுவது ஆபத்து. சுவர் ஓட்டையாகலாம், அதையொட்டியே சிறுநீர்ப்பை. வயிற்றுப் பக்கமிருந்துதான் வெட்டித் தைக்க வேண்டும். இன்னொரு குழந்தை வேண்டாமென்றால் மாத்திரையிலேயே சமாளிக்கலாம் என்றும் சொன்னார். எனக்கு வேண்டும். ரோபோ உதவியோடு அறுவை சிகிச்சை செய்வதென்று முடிவானது.

"ரோபோவா கத்தி வைக்கும்?" என்று மாமியார் பயந்துபோனார். கத்தி டாக்டர் கையில்தான். அவர் சற்றுத் தள்ளி உட்கார்ந்து திரையைப் பார்த்தபடி கருவியை இயக்குகிறார். வயிற்றில் சிறு துளைகள் போட்டுக் கையாலேயே கருவியைப் பிடித்துச் செய்யும் சாதா லேப்ராஸ்கோப்பியிலும் செய்யலாம். ரோபோவின் முனை மணிக்கட்டு போல வளைவதால் தைக்கச் சுலபம், அவ்வளவே. பில் மட்டும் சுலபமில்லை. இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் 'குழந்தையின்மை சிகிச்சை' என்று தட்டிக்கழித்தார்கள். மூன்று வருடக் கசிவை விவரித்து டாக்டர் கடிதம் தந்த பிறகே பாதித்தொகை வந்தது.

அறுவை சிகிச்சை முடிந்த பிறகு டாக்டர் அதன் வீடியோவைக் காட்டினார். கருப்பைக்குள் ஹிஸ்டரோஸ்கோப் விளக்கு எரிய, கருப்பைக்கு வெளியே, வயிற்றுக்குள் இருக்கும் கேமராவின் வெளிச்சத்தைக் குறைக்கிறார்கள். டார்ச்சை உள்ளங்கையில் அழுத்தினால் சிவப்பாகத் தெரியுமே, அப்படி ஒரு கீற்று மின்னியது. மெலிந்த இடம் அதுதான். சிறுநீர்ப்பையைப் பிரித்துக் கீழே இறக்கி, கீற்றை வெட்டியெடுத்து, இரண்டு அடுக்காகத் தைத்தார்கள்.

வயிற்றைவிடத் தோள்பட்டைதான் வலித்தது; உள்ளே ஏற்றிய வாயுவின் வேலை. மறுநாள் காலை யூரின் டியூபை எடுத்தார்கள், அதற்கடுத்த நாள் வீடு.

மூன்றாம் மாத ஸ்கேனில் தசை 6 மில்லிமீட்டர். கசிவு நின்றுவிட்டது. ஆறு மாதம் முடிந்தபின் முயலலாம், அடுத்ததும் சிசேரியன்தான், வலி வரும்வரை விடமாட்டார்கள். "நாள் தள்ளிப்போனா உடனே வந்துடும்மா, கரு தழும்புல உட்காரலையான்னு பார்க்கணும்" என்றார் டாக்டர். காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன்.