நம்பர் 1 பஸ்ஸும் என் சி.பி.டி. நோட்டும்

ஈசிஜி, எக்கோ, டிரெட்மில், தைராய்டு என்று எல்லா ரிப்போர்ட்டும் நார்மல் என வந்ததில் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. எனக்கோ பயம் இன்னும் கூடியது. பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், விரல் நுனியெல்லாம் மரத்துப்போகும். இதோ உயிர் போகப்போகிறது என்று தோன்றும். இதயத்தில் ஒன்றுமே இல்லையென்றால் அப்புறம் இது என்ன? கேஸ்தான் என்றார்கள். மாமியார் சமயபுரத்துக்கு வேண்டிக்கொண்டார். திருச்சியில், ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு போகக்கூடத் துணைக்கு ஆள் வேண்டும் என்ற நிலை வந்த பிறகுதான், எங்கள் குடும்ப டாக்டர் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார்.

மனநல மருத்துவர் விவரமாகக் கேட்டுவிட்டு, இது பேனிக் டிஸார்டர், அதாவது திடீர் திடீரென்று கடும் பயம் தாக்கும் மனநலக் கோளாறு என்றார். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரை ஒன்றைத் தொடங்கி, சி.பி.டி. எனப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சைக்காக ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்டிடம் (மருத்துவ உளவியலாளரிடம்) அனுப்பினார். இதற்கு முன்பே ஒரு கவுன்சிலரிடம் போயிருந்தேன். தைரியமாக இருங்கள், நல்லதையே நினையுங்கள் என்று ஒரு மணி நேரம் பேசி அனுப்பிவிட்டார். போர்டு மாட்டிய எல்லோரும் சிகிச்சை தரத் தகுதி பெற்றவர்கள் அல்ல. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். அதைத் தயங்காமல் கேளுங்கள், தப்பே இல்லை.

எனக்குச் சிகிச்சை தந்த சைக்காலஜிஸ்ட் மேடம் முதலில் ஒரு வெள்ளைத்தாளில் வட்டம் போட்டுக் காட்டினார். பஸ்ஸில் புழுக்கத்தால் இதயம் கொஞ்சம் வேகமாகத் துடிக்கிறது. அதை நான் ‘ஹார்ட் அட்டாக்’ என்று எடுத்துக்கொள்கிறேன். பயத்தில் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது, துடிப்பு இன்னும் கூடுகிறது. ‘பார், நினைத்தது சரிதான்’ என்று பயம் மேலும் ஏறுகிறது. 1986-ல் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் பேனிக்கை இப்படித்தான் விளக்கினாராம். அவருக்கும் முன்பே, 1960-களில், அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் மனச்சோர்வு உள்ளவர்களிடம் ஒன்றைக் கவனித்திருக்கிறார். வருத்தம் வருவதற்குச் சற்று முன்னால் ஓர் எண்ணம் மின்னலாக ஓடி மறைகிறது. கேட்டால்தான் அது அவர்களுக்கே தெரிகிறது. அந்த எண்ணத்தைப் பிடித்து, அது உண்மையா என்று சோதிப்பதுதான் சிகிச்சை.

அதற்குத்தான் நோட்டு. என்ன நடந்தது, என்ன தோன்றியது, அதை எத்தனை சதவீதம் நம்பினேன், அதற்கு ஆதாரம் என்ன, எதிராக என்ன இருக்கிறது என்று கட்டம் போட்டு எழுத வேண்டும். நான் ஆரம்பத்தில் ‘ரொம்ப பயமாக இருந்தது’ என்றே எழுதிக்கொண்டு போனேன். “பயம் சரிங்க, அந்த நேரத்துல மனசு உங்ககிட்ட என்ன சொல்லுச்சு?” என்று மேடம் விடாமல் கேட்டார். ‘காவிரிப் பாலத்து நடுவுல மயங்கி விழுந்துருவேன். யாரும் தூக்க மாட்டாங்க’ என்று அடியில் கிடந்தது மெல்ல வெளியே வந்தது. நம்பிக்கை 95 சதவீதம். எதிராக என்ன இருக்கிறது என்ற கட்டத்தில் நான் எழுதியது ஒரே வரி: ‘இதுவரை ஒருமுறைகூட விழுந்ததில்லை.’ மயக்கம் வர ரத்த அழுத்தம் குறைய வேண்டும், பேனிக்கில் அது பொதுவாகக் கூடத்தான் செய்கிறது என்று அவர் விளக்கியது அதற்கு அடுத்த வரியானது.

ஆனால் எழுதி எழுதிப் பயம் போய்விடவில்லை. உடம்புக்குத் தெரிய வேண்டாமா? இதயம், ஆஸ்துமா, வலிப்பு என்று எதுவும் இல்லை என டாக்டரிடம் உறுதி செய்துகொண்டு, ஒருநாள் மேடம் என்னை உட்கார வைத்து, ஒரு நிமிடம் வேகவேகமாக, ஆழமாக மூச்சுவிடச் சொன்னார். தானும் கூடவே செய்தார். அரை நிமிடத்துக்குள் உதடு மரத்தது, விரல்கள் குறுகுறுத்தன, தலை சுற்றியது. பஸ்ஸில் வருவது அப்படியே வந்துவிட்டது! அளவுக்கு மீறி மூச்சுவிட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும், அதனால்தான் இதெல்லாம் என்றார். சாவின் அறிகுறி என்று நான் நம்பியிருந்ததை நாற்காலியில் உட்கார்ந்தபடி நானே வரவழைத்தேன், அதுவும் தானாகவே அடங்கியது. அன்று அழுதுவிட்டேன். அப்புறம் ஸ்ட்ரா வழியாக மூச்சு, மாடிப்படி ஏறி ஓடுவது என்று வீட்டுப்பாடம் தினமும் நடந்தது.

அதைவிடக் கஷ்டமானது துணைக்கு வைத்திருந்தவற்றை விடுவதுதான். தண்ணீர் பாட்டில், படிக்கட்டுப் பக்கத்து சீட், மணிக்கட்டில் நாடி பார்ப்பது, கணவருக்கு நொடிக்கொரு போன், கைப்பையில் அவசரத்துக்கு அல்ப்ராசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரை ஒன்று. இவை இருக்கும்வரை, ‘பாட்டில் இருந்ததால்தான் பிழைத்தேன்’ என்றே மனசு கணக்குப் போடும். மாத்திரை விஷயத்தை மட்டும் மனநல மருத்துவரைக் கேட்டுத்தான் செய்தோம். நீங்களும் நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். யூடியூபில் பார்த்துப் பழகியிருந்த மூச்சுப் பயிற்சியைக்கூட பஸ்ஸில் செய்ய வேண்டாம் என்றார் மேடம். எனக்குக் கோபமே வந்தது. படபடப்பை அடக்கவே இங்கே வந்தேன், இவரோ அதை அடக்காமல் பார்த்துக்கொண்டிரு என்கிறாரே!

பயங்களுக்கு நூறுக்கு மதிப்பெண் போட்டு ஓர் ஏணி தயாரித்தோம். கணவரோடு திருவானைக்காவல் வரை ஆட்டோ, 25. சாயங்கால நெரிசலில் நம்பர் 1 பஸ்ஸில் தனியாக, நின்றுகொண்டே காவிரிப் பாலம் தாண்டுவது, 100. ஒவ்வொரு படியையும் சலிக்கும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். கடைசிப் படிக்கு வந்த அன்று மாம்பழச்சாலையிலேயே நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. பாலத்தின் மேல் வண்டிகள் நின்றுவிட்டன. முன்னால் நின்ற அம்மாவின் கூடையிலிருந்து மல்லிகை வாசம், பக்கத்தில் யாரோ போனில் சண்டை. பயம் 90. சரி, வருவது வரட்டும் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏறியது, உச்சியில் கொஞ்ச நேரம் நின்றது, பஸ் நகர்வதற்கு முன்பே இறங்கத் தொடங்கியது. நான் எதுவுமே செய்யவில்லை. நோட்டில் ‘மயங்கி விழுவேன்: 95’ என்பதற்குப் பக்கத்தில் ‘10’ என்று எழுதினேன்.

சிகிச்சை முடிந்த பிறகும் அந்தப் படபடப்பு ஒருமுறை வந்தது. மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த வாரம், லிஃப்டில். வந்தால் என்ன செய்வது என்று கடைசி அமர்வுகளில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்து, மறுநாள் அதே லிஃப்டில் வேண்டுமென்றே ஏறி இறங்கினேன். மாத்திரையை டாக்டர் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்.

செலவைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். தனியாரில் ஒவ்வோர் அமர்வுக்கும் கட்டணம் உண்டு, கையைக் கடிக்கத்தான் செய்யும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் போய்க் கேளுங்கள். எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லையென்றால், மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம்.