முதல் செமஸ்டருக்கு முன் இருபத்திரண்டு நாட்கள்

அக்டோபர் 13, 2024, ஞாயிறு

சான்றிதழ்களை ஒப்படைக்க மதுரைக்குச் சென்றிருந்த அன்று வரிசையில் எனக்கு முன்னும் பின்னும் நின்றவர்களே இப்போது என் படிப்புக் குழுவாகியிருக்கிறார்கள். தருமபுரி, நாமக்கல், தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களிலிருந்து நால்வர். சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து நான். பி.எஸ்ஸி. நர்சிங் முதல் செமஸ்டர் வகுப்பு நவம்பர் 4 அன்று தொடங்குகிறது. அதுவரை தினமும் இரவு எட்டு மணிக்கு ஒரு மணி நேரம் தொலைபேசியில் சேர்ந்து படிப்பதென்று இன்று முடிவு செய்தோம்.

பாடங்கள் ஆறு: ஆங்கிலம், உடற்கூறியல், உடலியங்கியல், சமூகவியல், உளவியல், செவிலியத்தின் அடிப்படைகள். கடைசிப் பாடத்தின் பெயரை எல்லோரும் 'ஃபவுண்டேஷன்' என்றே சொல்கிறார்கள். அதற்கு மட்டும் இந்த செமஸ்டரில் வகுப்பறையில் 120 மணி நேரம், பயிற்சிக்கூடத்தில் 80 மணி நேரம், வார்டில் 160 மணி நேரம் ஒதுக்கப்பட்டிருப்பதைப் பாடத்திட்டத்தில் பார்த்தபோது, எங்களுக்குக் காத்திருக்கும் படிப்பின் தன்மை முதன்முறையாகப் புரிந்தது. எங்களில் மூவர் தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள். பாடமும் தேர்வும் ஆங்கிலத்தில். அந்தக் கவலையை முதலில் வாய்விட்டுச் சொன்னவள் தருமபுரித் தோழி. அவள் சொன்ன பிறகுதான் மற்ற இருவரும் எங்களுக்கும் அப்படித்தான் என்று ஒப்புக்கொண்டோம்.

அக்டோபர் 16, புதன்

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியின் முதல் தவணையை இன்று போட்டுக்கொண்டேன். அடுத்தது ஒரு மாதத்தில், மூன்றாவது ஏப்ரலில். இந்தக் கிருமி ரத்தத்தின் வழியே பரவுவது. உடலுக்கு வெளியே, காய்ந்த ரத்தத் துளியிலும் ஏழு நாட்கள் வரை உயிர்ப்போடு இருக்கக்கூடியது. பயன்படுத்திய ஊசி கையில் குத்திவிடும் அபாயம் இந்த வேலையில் என்றும் உண்டு என்பதால், வார்டுக்குள் கால் வைப்பதற்கு முன் தொடங்க வேண்டிய காரியம் இது. நாமக்கல் தோழிக்கு ஊசி என்றாலே சிறுவயது முதல் அச்சம். நாங்கள் நால்வரும் அழைப்பில் இருக்க, அவளும் இன்று மாலை போட்டுக்கொண்டாள்.

வாங்க வேண்டியவற்றில் நொடிமுள் உள்ள கடிகாரம் மட்டுமே பாக்கி. கைபேசியில் நேரம் பார்த்து நாடி எண்ண முடியாது.

அக்டோபர் 19, சனி

எலும்புகள். மனித உடலில் 206. அவற்றில் ஒவ்வொரு கையிலும், மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை, 27. அதாவது உடலின் எலும்புகளில் கால் பங்குக்கு மேல் இரண்டு கைகளின் நுனியிலேயே இருக்கின்றன. இதைப் படித்ததும் ஐவரும் பேச்சை நிறுத்திவிட்டு அவரவர் கையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மனப்பாடம் செய்வதில் எனக்கு ஒரு வழி பிடிபட்டிருக்கிறது. ஃபீமர் என்ற சொல்லைத் தாளில் பார்த்துப் படித்தால் மறுநாள் காணாமல் போகிறது. அதுவே என் தொடையில் கை வைத்து, 'தொடை எலும்பு, ஃபீமர், உடலிலேயே நீளமானது' என்று உரக்கச் சொன்னால் தங்கிவிடுகிறது. தமிழ் வழியில் படித்தது எங்களுக்குக் குறை என்று நினைத்திருந்தேன். ஆனால் பொருள் முன்பே மனத்தில் இருப்பதால் அதன் மேல் ஒரு புதுப் பெயரை மட்டும் ஏற்றினால் போதும் என்பதை இன்று கண்டேன். ஆங்கில வழியில் படித்த தூத்துக்குடித் தோழி எங்களுக்கு உச்சரிப்பைத் திருத்திக்கொடுக்கிறாள். நாங்கள் அவளுக்குத் தமிழ்ப் பெயரைச் சொல்கிறோம். மணிக்கட்டின் எட்டுச் சிறு எலும்புகளுக்குத்தான் எங்கள் வழக்கில் தனித்தனிப் பெயர் இல்லை. ஸ்காஃபாய்டு, லூனேட் என்று அவற்றை அப்படியே விழுங்க வேண்டியிருக்கிறது.

அக்டோபர் 22, செவ்வாய்

இன்று நான் குழுவில் சொன்ன ஒரு பழைய நிகழ்ச்சியை இங்கும் எழுதி வைக்கிறேன். நான் பத்தாம் வகுப்பு படித்தபோது அப்பத்தா இடுப்பு எலும்பு முறிந்து ஒரு மருத்துவமனையில் படுத்த படுக்கையாக இருந்தார். மூன்றாம் நாள் காலை, பயிற்சியில் இருந்த இளம் செவிலியர் ஒருவர் வந்து, 'மோஷன் போனீங்களா பாட்டி?' என்று கேட்டார். அப்பத்தாவுக்கு அந்தச் சொல் தெரியாது, சும்மா தலையசைத்தார். சற்று நேரம் கழித்து அவராகவே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, 'மூணு நாளா வெளிக்குப் போகலை தாயி' என்றார். எங்கள் ஊரில் மலம் கழிப்பதைத்தான் அப்படிச் சொல்வோம். நகரத்தில் வளர்ந்த அந்தப் பெண், எழுந்து வெளியே போக முடியவில்லை என்று பாட்டி வருந்துவதாக எண்ணி, 'எலும்பு கூடினதும் நல்லா நடக்கலாம் பாட்டி' என்று அன்போடு சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் வயிறு உப்பி, அப்பத்தா வலியில் துடித்த பிறகே அம்மா விஷயத்தை விளக்கினார். அதன் பின்தான் மருந்து கிடைத்தது.

அந்தச் செவிலியர் அக்கறை இல்லாதவர் அல்லர். அவர் கேட்ட சொல்லும் அப்பத்தா சொன்ன சொல்லும் வழியில் சந்தித்துக்கொள்ளவே இல்லை, அவ்வளவுதான். நான் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்ததற்கு அந்த ஒரு நாள் பெரும் காரணம்.

சொல்லி முடித்ததும் கன்னியாகுமரித் தோழி, 'அப்படியானால் நாமே ஒரு நோட்டுப் போடுவோம்' என்றாள். இடப்பக்கம் பாடப்புத்தகத்தின் சொல், வலப்பக்கம் நோயாளி சொல்லக்கூடிய சொல். உடனே தொடங்கினோம். டிஸ்னியா என்பதற்கு எதிரே மூச்சு வாங்குது, மூச்சு இரைக்குது, மூச்சு முட்டுது என்று மூன்று. டிஸ்யூரியாவுக்கு நீர்க்கடுப்பு. உணவுக்குழாயில் மேலேறி வருவதற்கு எதுக்களிக்குது. காய்ச்சலுக்கு எங்கள் பக்கம் 'மேலு காயுது' என்பார்கள். நோய்வாய்ப்பட்டிருப்பதை அவள் ஊரில் 'தீனமா கிடக்கு' என்பார்களாம். மற்ற நால்வரும் அந்தச் சொல்லை இன்றுதான் கேட்டோம். அம்மை கண்ட வீட்டில் அதை நோயென்றே சொல்ல மாட்டார்கள், 'அம்மா வந்திருக்கு' என்பார்கள் என்பதையும் எழுதினோம். மாதவிலக்குக்கு மட்டும் ஐந்து ஊரிலிருந்து ஏழு சொற்கள் வந்தன, எல்லாமே நேராகச் சொல்லாமல் சுற்றிச் சொல்பவை. ஒரு பெண் அதில் எதைச் சொன்னாலும் நாங்கள் திரும்பக் கேட்டு அவளைக் கூச வைக்கக் கூடாது.

அக்டோபர் 27, ஞாயிறு

எங்கள் ஊருக்கு வரும் கிராம சுகாதார செவிலியரை எல்லோரும் நர்சம்மா என்றே அழைப்போம். அவரிடம் கேட்டு, இன்று ஒரு மணி நேரம் உடனிருந்து கற்றுக்கொண்டேன். நாடியைக் கட்டைவிரலால் பார்க்கக் கூடாது, அதற்கே சொந்தத் துடிப்பு உண்டு. மற்ற விரல்களின் நுனியால் மணிக்கட்டில் மெல்ல அழுத்த வேண்டும். ஓய்வில் இருக்கும் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இயல்பு. அப்பாவுக்கு 74, அப்பத்தாவுக்கு 82.

மூச்சை எண்ணும் முறைதான் என்னை மிகவும் கவர்ந்தது. எண்ணப் போகிறோம் என்று சொல்லிவிட்டால் எவருக்கும் மூச்சின் போக்கு மாறிவிடும். ஆகவே நாடி எண்ணி முடித்த பிறகும் கையை விடாமல், இன்னும் நாடி பார்ப்பது போலவே பிடித்துக்கொண்டு, மார்பு ஏறி இறங்குவதைக் கண்ணால் எண்ண வேண்டுமாம். இயல்பு 12 முதல் 20. அப்பத்தாவின் கையைப் பிடித்தபடி ஒரு முழு நிமிடம் எண்ணினேன், 18. தன் கையை இவ்வளவு நேரம் யாரும் பிடித்துக்கொண்டிருந்ததில்லை என்று அவர் சொன்னார்.

விடைபெறும்போது நர்சம்மாவிடம் எங்கள் நோட்டைக் காட்டினேன். எழுத்துக் கூட்டி வாசிப்பது போல நிதானமாக முழுவதையும் வாசித்து, புரை ஏறுது, மரத்துப்போச்சு, கிறுகிறுங்குது என மூன்றைத் தம் கையால் சேர்த்தார்.

அக்டோபர் 29, செவ்வாய்

உறவினர் ஒருவர் வீட்டுக்கு வந்து, நர்ஸ் வேலைக்கு எதற்கு நான்கு வருடப் படிப்பு என்று கேட்டார். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871-இல் நான்கு மாணவிகளோடு ஆறு மாதப் பயிற்சியாகத் தொடங்கியது, 1946-இல் வேலூரிலும் டெல்லியிலும் பட்டப்படிப்பாக வளர்ந்தது என்று சொன்னேன். அவர் நிறைவடைந்ததாகத் தெரியவில்லை. அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும் என்று அம்மா சொன்னதும் பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது.

அக்டோபர் 31, வியாழன், தீபாவளி

பக்கத்து வீட்டு ஆறு வயதுச் சிறுவன் எரிந்து முடிந்த கம்பி மத்தாப்பை மிதித்துவிட்டான். ஒருவர் பற்பசையோடும் இன்னொருவர் பேனா மையோடும் ஓடி வந்தார்கள். முதலுதவிப் பாடத்தை நாங்கள் முந்தின வாரமே படித்திருந்ததால், இரண்டையும் தடுத்து, குழாயடியில் அவன் காலை 20 நிமிடம் ஓடும் நீரில் வைத்திருந்தேன். முதல் ஐந்து நிமிடம் அவன் அழுத அழுகையில், போதும் விடு என்று எல்லோரும் சொன்னார்கள். என் கையும் நடுங்கியது. நொடிமுள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு கொப்புளத்தை உடைக்காமல், துவைத்த மெல்லிய துணியால் மூடி, மருத்துவரிடம் அனுப்பினோம். இரவு எட்டு மணிக்குக் குழுவில் இதைச் சொன்னபோது, பண்டிகை நாளிலும் ஐவரும் அழைப்பில் இருந்தோம்.

நவம்பர் 3, ஞாயிறு

விடுதிக்கு வந்துவிட்டோம். ஐவரில் மூவருக்கு ஒரே அறை, மற்ற இருவர் எதிர் அறையில். இரண்டாம் ஆண்டு அக்கா ஒருவர் மாலையில் வந்து, போர்வையின் மூலையை 45 பாகையில் மடித்து மெத்தைக்கு அடியில் செருகும் முறையைக் காட்டினார். விரிப்பில் சுருக்கம் இருந்தால் நாள்கணக்கில் படுத்திருப்பவரின் தோல் அந்த இடத்தில் உராய்ந்து புண்ணாகத் தொடங்கும் என்று அவர் சொன்னபோது, அப்பத்தாவின் இடுப்பில் அப்போது வந்த சிவந்த தடம் நினைவுக்கு வந்தது. என் மூலை நான்காம் முறை சரியாக வந்தது. தருமபுரித் தோழிக்கு முதல் முறையிலேயே.

நோட்டில் இப்போது 143 சொற்கள் இருக்கின்றன. அதை ஐந்து படிகளாக எடுத்து ஆளுக்கொன்று வைத்துக்கொண்டோம். அந்த அக்கா தமக்கும் ஒன்று வேண்டும் என்றார். வார்டில் நேற்று ஒரு முதியவர் 'நெஞ்சு கரிக்குது' என்று சொன்னதைத் தம்மால் உடனே புரிந்துகொள்ள முடியவில்லையாம். அவருக்கான படியை எதிர் அறைத் தோழி இப்போது கையால் எழுதிக்கொண்டிருக்கிறாள். நெஞ்சு கரிப்பதை 144-ஆவதாகச் சேர்த்துவிட்டோம். காலை எட்டு மணிக்கு முதல் வகுப்பு, உடற்கூறியல்.