வராத ஆளுக்குப் பேர் போடாதே

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் மூன்று ஆண்டுகள் என் அலுவலகம். அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்ததும், நான் வேலை பார்த்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் கேட்டு ஊருக்கு வந்துவிட்டேன். இயற்பியல் குழுவின் கணினிகளைப் பராமரிப்பது என் வேலை. அதை எங்கிருந்தும் செய்யலாம். தென் துருவத்தில் இருக்கும் ஐஸ்கியூப் நியூட்ரினோ ஆய்வகத்தின் கூட்டமைப்பில் எங்கள் குழுவும் ஓர் உறுப்பினர்.

அம்மா முப்பது வருடம் தோட்டத்தில் கித்தா மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். ஒரு நாள் என் திரையைப் பார்த்துவிட்டு, "அங்க என்னய்யா இருக்கு?" என்று கேட்டார். பனிக்கட்டிக்குள் 86 கேபிள்கள், ஒவ்வொன்றிலும் 60 கண்ணாடி உருண்டைகள், மொத்தம் 5,160 என்று சொன்னேன். 1,450 மீட்டர் ஆழத்தில் தொடங்கி 2,450 மீட்டர் வரை தொங்குகின்றன. நியூட்ரினோ என்பது மிகச் சிறிய துகள், பெரும்பாலும் எதிலும் படாமல் பூமியையே துளைத்துப் போய்விடும். எப்போதாவது ஒன்று பனியில் மோதினால், அதில் பிறக்கும் துகள் நீல ஒளியைச் சிந்திக்கொண்டே ஓடும். அந்த ஒளிக்காகத்தான் உருண்டைகள் காத்திருக்கின்றன. அம்மா கொஞ்சம் யோசித்தார். "மரத்துக்கு மரம் மங்கு கட்டி வெச்ச மாதிரி" என்றார். மங்கு என்பது ரப்பர் பால் சொட்டும் கிண்ணம். அதன் பிறகு நான் யாருக்கு விளக்கினாலும் மங்கிலிருந்துதான் தொடங்குகிறேன்.

கூட்டமைப்பில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒரு பணிப் பட்டியல் கொடுக்க வேண்டும். யார் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் தருகிறார், கணினி வளத்தில் குழுவின் பங்கு என்ன என்று அதில் இருக்கும். ஆண்டுக்கு இரண்டு முறை, கூட்டமைப்பு கூடும்போது அதைப் புதுப்பிப்பார்கள். முழு ஆண்டும் ஒரே வேலை பார்த்தால் 1 ஆள். பேராசிரியர் 0.15, ஆய்வு மாணவர் 0.2, இப்படிப் போகும். என் வரிசையில் 0.35 என்று இருந்தது. அதற்குக் கீழே, பல கணக்குகளை ஒரே நேரத்தில் போடும் 48 ஜிபியு கார்டு.

இந்தக் கார்டுகள் இல்லாவிட்டால் அந்த உருண்டைகள் பிடித்த ஒளிக்குப் பொருள் சொல்ல முடியாது. பனி ஒரே மாதிரித் தெளிவாக இருப்பதில்லை. 2,000 மீட்டரைத் தாண்டினால் பழங்காலத் தூசி படிந்த ஒரு அடுக்கு இருக்கிறது, அங்கே ஒளி மங்கிவிடும். அதனால் ஒவ்வொரு ஒளித் துகளும் எங்கே சிதறும், எங்கே மாயும் என்று கணினியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரு ஒளித் துகளின் பாதைக்கும் இன்னொன்றின் பாதைக்கும் சம்பந்தம் இல்லை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓட்டலாம் என்பதால்தான் சாதாரண சிபியுவைவிட ஜிபியு நூறு மடங்குக்கும் மேல் வேகமாக முடிக்கிறது. வானத்திலிருந்து வரும் மியூவான் என்ற வேறு துகள்கள் விநாடிக்கு மூவாயிரம் முறை அளவுக்கு உருண்டைகளைத் தட்டுகின்றன. நியூட்ரினோவோ நாளுக்குச் சில நூறுதான். இதைப் பிரித்தெடுக்க, கணினியில் ஓட்டி உண்டாக்கும் பொய்த் தரவு மலை மலையாக வேண்டும். 2019 நவம்பரில் உலகம் முழுக்க வாடகைக் கணினிகளைச் சேர்த்து 50,000-க்கும் மேற்பட்ட ஜிபியுக்களில் ஒரே நேரத்தில் இந்தக் கணக்கை ஓட்டிக் காட்டினார்கள். அது சில மணி நேரம். வருடம் முழுக்க ஓடுவது எங்களைப் போன்ற குழுக்கள் கொடுக்கும் பத்தும் நூறுமான கார்டுகளில்.

இரண்டாவது ஆண்டு பட்டியலைப் புதுப்பிக்கும்போது போன முறை எழுதிய 48-ஐ அப்படியே வைத்தேன். உண்மையில் ஏழு கார்டு நான்கு மாதமாக வேலை செய்யவில்லை. ஃபேன் பழுதாகிச் சூடேறி நின்றுபோனவை, மாற்றப் பணம் வரவில்லை. எப்படியும் சரியாகிவிடும் என்று நினைத்தேன். இதை அம்மாவிடம் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னபோது அவர் முகம் மாறிவிட்டது.

அவர் வேலை பார்த்த தோட்டத்தில் ஒரு கிராணி, அதாவது கணக்குப்பிள்ளை, பெரட்டுக்கு (விடிகாலை ஆள் கணக்கெடுப்புக்கு) வராத இரண்டு பேருக்குச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் போட்டுக்கொண்டிருந்தாராம். ஆள் கணக்கு நிறைவாக இருந்ததால் வெளியிலிருந்து ஆள் எடுக்கவில்லை. அந்த இரண்டு பேரின் நிரையையும் (மர வரிசையையும்) அம்மாவும் பக்கத்து நிரைக்காரரும் சேர்த்து வெட்டினார்கள், அதே சம்பளத்துக்கு. "தாள்ல ஆள் இருந்தா, வேலைய யாரு செஞ்சான்னு எவன் கேப்பான்?" என்றார்.

அன்று இரவே 48-ஐ 41 ஆக்கினேன். அப்புறம் என் வரிசையையும் எண்ணிப் பார்த்தேன். ராத்திரி வரும் எச்சரிக்கைகள், நடுவில் நின்றுபோன வேலைகளை மறுபடி தொடங்குவது, மென்பொருள் மாற்றம் எல்லாம் சேர்த்தால் அரை ஆள் வேலை. 0.5 என்று எழுதி, ஏன் என்று ஒரு பக்கம் விளக்கமும் வைத்துப் பேராசிரியருக்கு அனுப்பினேன். கார்டு குறைந்ததற்கு அவர் வருத்தப்பட்டார். ஆனால் அந்தப் பக்கத்தைக் காட்டித்தான் அடுத்த நிதியாண்டில் புதுக் கார்டுக்குப் பணம் கேட்டார், கிடைத்தது. கார்டை எண்ணுகிறவர்கள் அதைக் காக்கும் ஆளையும் எண்ண வேண்டும் என்பதில் எனக்கு இன்றைக்கும் விட்டுக்கொடுக்க மனமில்லை. 1965-ல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோவைக் கண்டார்கள். அந்தச் சுரங்கத்தில் உழைத்தவர்களில் பெரும்பகுதி நம் ஆட்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் யார் யார் பெயர் எந்தத் தாளில் இருந்தது என்று மனம் தேடுகிறது.

ஆய்வகம் சரியாக ஓடுகிறதா என்று கண்காணிக்கும் முறையும் எனக்கு வரும், ஒரு முறைக்கு ஒரு வாரம். தரவுப் பதிவு எட்டு மணி நேரத்துக்கு ஒரு ஓட்டமாக நடக்கும், ஒவ்வொன்றும் நன்றாக முடிந்ததா என்று பார்க்க வேண்டும். துருவத்தில் குளிர்காலம் முழுக்க ஐஸ்கியூபுக்காக இரண்டு பேர் தங்கியிருப்பார்கள், சூரியனே வராத மாதங்களில். ஒரு ஜூலை மாதம் இங்கே இடி விழுந்து கரண்ட் போய், கைப்பேசி இணைப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு சர்வர் நின்றுபோனதாகச் செய்தி வந்தது. அவர்களில் ஒருவர் இருட்டில், மைனஸ் அறுபது டிகிரியில், கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நடந்து ஆய்வகக் கட்டடத்துக்குப் போய் அதைச் சரிசெய்தார். விடிகாலை ஐந்தரைக்கு அடுத்த ஓட்டம் என் திரையில் பச்சையாக, பழுதில்லாமல் வந்தது.

அம்மா எழுந்திருந்தார். பெரட்டு நேரம் இன்னும் அவர் உடம்பை விட்டுப் போகவில்லை. நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மேசைக்கு வந்தார்.

"எல்லாரும் வந்துட்டாங்களா?"

"உருண்டையில நூத்துக்கு ரெண்டு வரலம்மா. பெரும்பாலும் பனிக்குள்ள இறக்குறப்பவும் பனி உறையுறப்பவும் கெட்டுப் போனது, இனிமே எடுக்க முடியாது."

"அதத் தனியா எழுதி வெச்சிருக்காங்களா?"

"வெச்சிருக்காங்க."

சரி என்று தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணி கேட்டார்.