வயல் இல்லாத ஊரில்

"வயலே இல்லாத ஊர்ல விவசாயப் பொருளாதாரமா?"

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் வெங்காயத்தை நிறுத்துக்கொண்டே கடைக்காரர் என் மகளிடம் கேட்டார். பல்கலைக்கழகத்தில் அவள் எடுத்திருக்கும் படிப்பு அது.

"2023 டிசம்பர்ல பெரிய வெங்காயம் ஏன் அங்கிள் விலை ஏறுச்சு?"

"இந்தியாவுல ஏற்றுமதியை நிறுத்திட்டாங்கல்லம்மா. தடையை எடுக்க மே மாசம் ஆச்சே."

"அதைத்தான் அங்கிள் படிக்கிறேன்."

அவர் சிரித்தபடி ஒரு கைப்பிடி கறிவேப்பிலையைச் சும்மாவே பையில் போட்டார். எனக்கு அவ்வளவு பெருமை.

நாம் சாப்பிடுவதில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. 2022 ஜூனில் மலேசியா கோழியை நிறுத்தியதும் கோழிச்சோற்றுக் கடைகள் தவித்ததை மறக்க முடியுமா? மறு ஆண்டு இந்தியா வெள்ளை அரிசிக்குத் தடை போட்டது. அப்புறம் சிங்கப்பூருக்கென்று 50,000 டன் அனுமதித்தது.

வரும் வழியில் மகள் சொன்னது இன்னும் மனதில் ஓடுகிறது. தடை வந்தால் இங்கே நமக்கு விலை ஏறும். அதே நாளில் இந்தியாவின் நாசிக் வெங்காய மண்டியில் சரக்கு தேங்கி விவசாயிக்கு விலை விழும். ஒரே மூட்டை, இரண்டு பக்கமும் நட்டம். நான் இத்தனை வருடம் நம் பக்கத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் யாராவது பிள்ளை இதைப் படிக்க ஆசைப்பட்டால், "இங்க என்ன வேலை கிடைக்கும்?" என்று தடுத்துவிடாதீர்கள். ஓலம், வில்மார் போன்ற பெரிய வேளாண் வணிக நிறுவனங்களின் தலைமையகமே சிங்கப்பூரில்தான் இருக்கிறது.