தகரப் பெட்டியில் ஒட்டிய டேக் படித்துவிட்டது!

மூன்று வாரமாக முரண்டு பிடித்த என்எஃப்சி டேக் (பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று போனுக்குச் சொல்லும் சிப் ஸ்டிக்கர்) நேற்று ராத்திரி வழிக்கு வந்தது. போனைப் பெட்டி மேல் வைத்ததும் 'எம்3 திருகு, 10 மிமீ' என்று திரையில் வந்தது. நம்பாமல் இருபது முறையாவது வைத்து வைத்து எடுத்திருப்பேன்.

போனால் படிக்க வேண்டும் என்பதால் 125 கிலோஹெர்ட்ஸ் டேக்குகளை ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிட்டு, 13.56 மெகாஹெர்ட்ஸ் என்டேக் வகைச் சிப் உள்ள ஸ்டிக்கர்கள் வாங்கினேன். பிளாஸ்டிக் டப்பாக்களில் ஒட்டியதெல்லாம் உடனே படித்தது. தகரத்தில் ஒட்டினால் மட்டும் மூச்சே இல்லை. போனின் காந்தப்புலம் பட்டதும் தகரத்தில் சுழல் மின்னோட்டம் கிளம்பி அந்தப் புலத்தையே எதிர்க்கிறது. சிப்புக்குப் போக வேண்டிய சக்தி அங்கேயே போய்விடுகிறது. டேக் ஆன்டெனாவின் ஒத்ததிர்வு அலைவெண்ணும் 13.56-ஐ விட்டு மேலே நகர்ந்துவிடுகிறது.

இடையில் அட்டை வைத்தேன், 2 மிமீ, பிறகு 5. எப்போதாவது ஒருமுறை படித்தது. 1 செமீ ஃபோம் வைத்தால் நன்றாகப் படிக்கிறது, ஆனால் பெட்டியை அடுக்கும்போது பிய்ந்து வருகிறது. கடைசியில் ஃபெரைட் ஷீட், அதாவது காந்தப் பொருளாலான மெல்லிய ஷீட். காந்தப்புலத்தைத் தகரத்துக்குள் விடாமல் தன் வழியாகவே திருப்பிவிடும். அதையும் டேக் அளவுக்கே கச்சிதமாக வெட்டியதால் முதலில் படிக்கவில்லை! சுற்றிலும் 3 மிமீ கூடுதலாக விட்டு வெட்டினேன், படித்துவிட்டது. தூரம் ஒன்றரை செமீதான். பெட்டிக்கு அது தாராளம். 'மெட்டல் டேக்' என்று ஃபெரைட்டோடு சேர்த்தே விற்கிறார்கள். நிறையப் பெட்டி இருந்தால் அதுவே மேல்.

இன்னொன்று. நான் கேட்டது என்டேக்215, வந்தது 213. 504 பைட் எங்கே, 144 பைட் எங்கே! பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஒட்டுவதற்கு முன்பே ஒன்றைப் படித்து நினைவக அளவைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்து புத்தக அலமாரி. அதற்கு ஐஎஸ்ஓ 15693 என்ற தரத்து டேக் வாங்கலாம் என்றிருக்கிறேன், கொஞ்சம் தள்ளி இருந்தாலும் படிக்கும். என்னிடம் இருக்கும் ஆர்சி522 ரீடர் அதைப் படிக்காது, பிஎன்5180 ரீடர் வாங்க வேண்டும். அலமாரி முழுவதையும் ஒரே வீச்சில் படிக்க யுஎச்எஃப் (இன்னும் அதிக அலைவெண்ணில் இயங்கும்) டேக் மேல் ஆசைதான். ஆனால் பக்கத்துத் தட்டு முழுக்கப் பெயின்ட், பசை பாட்டில்கள். தண்ணீர் அந்த அலையை நன்றாக உறிஞ்சிவிடும், அதனால் அது அப்புறம்.

சரி, இன்னும் பதினான்கு தகரப் பெட்டிகள் பாக்கி. ஃபெரைட் ஆறுக்குத்தான் வரும்.