ஒரே தடவை

மார்ச் 22, 2020, மதுரை

கொரோனாவுக்காக மக்கள் ஊரடங்கு. சாயங்காலம் 5 மணிக்கு மாடி மாடியாகத் தட்டைத் தட்டினார்கள். எனக்கு ஓசிடி: ஒரே சந்தேகம் விடாமல் வந்து, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் மனநோய். எனக்கு அது கை கழுவுவது. தொடப் பயந்ததைத் தொட வைத்து, ஒன்றரை வருஷமாக டாக்டர் என்னைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டு வந்தார். முதலில் கதவுப் பிடி, அப்புறம் ரூபாய் நோட்டு. கடைசிப் படி டவுன் பஸ் கம்பி. பிடித்துவிட்டு அரை மணி நேரம் கை கழுவாமல் இருக்க வேண்டும். பிப்ரவரியில் அதையும் தாண்டிவிட்டேன். இப்போது யாருக்குப் போன் போட்டாலும் முதலில் ஓர் இருமல், அடுத்து கை கழுவச் சொல்லும் குரல்.

மார்ச் 31

"உன்னைப் பார்த்துத்தான் நாங்கல்லாம் கத்துக்கணும்" என்கிறார் எதிர்வீட்டு அக்கா. போன வருஷம், "மோட்டாரே உனக்குன்னுதான் ஓடுது" என்றவர். அவருக்குக் கழுவினால் வேலை முடிந்தது. எனக்கு முடிவதில்லை. 20 விநாடி எண்ணுகையில் பதினேழில் சந்தேகம் வரும், மறுபடி ஒன்றிலிருந்து. விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து, புளி கரைத்தால் எரிகிறது.

ஏப்ரல் 5

பிரதமர் ஏற்றச் சொன்ன விளக்கை ஏற்றும் முன் சானிடைசர் போடாதீர்கள், தீப்பிடிக்கும் என்று அரசே சொல்லிவிட்டது. இரவு 9 மணிக்கு, 9 நிமிடம், பாட்டிலைத் தொடாமல் நின்றேன். சிரிப்பு வந்தது.

ஏப்ரல் 11

ஓசிடிக்குச் சாப்பிடும் செர்ட்ராலின் நாலு மாத்திரைதான் மிச்சம். கிளினிக் பூட்டிக் கிடக்கிறது. மார்ச் 25-இல் டெலிமெடிசின் விதிகள் வந்ததால் டாக்டர் வீடியோவில் பார்த்து, சீட்டையும் போனுக்கே அனுப்பினார்.

"கழுவாதன்னு இப்ப சொல்ல முடியாதும்மா. வெளிய போய்ட்டு வந்தா, சாப்பிடுறதுக்கு முன்னாடி, பாத்ரூம் போனா. 20 விநாடி, ஒரே தடவை. சந்தேகம் வந்தா வந்துட்டுப் போகட்டும். சுத்தமாயிருச்சான்னு அம்மாகிட்ட கேக்கக் கூடாது. கேட்டாலும் அவங்க பதில் சொல்லக் கூடாது."

அம்மா பக்கத்திலிருந்து தலையாட்டினாள். ராத்திரியே நான் இரண்டு தடவை கேட்டேன். ஒரு தடவை சொல்லிவிட்டாள்.

ஏப்ரல் 25

நாளை முதல் 29 வரை இங்கே முழு ஊரடங்கு. காய்கறிக் கடையில் ஆள்மேல் ஆள். வந்ததும் கழுவினேன், ஒரே தடவை. நெஞ்சு படபடத்தது, முக்கால் மணி நேரத்தில் அடங்கியது.

அம்மா தக்காளியை மஞ்சள் தண்ணீரில் போட்டு எடுத்தாள். தண்ணீரை மாற்றி மறுபடி போட்டாள். மூன்றாவது தடவை ஒரு பழத்தை என் முகத்துக்கு நேரே நீட்டி, "சுத்தமாயிருச்சா, பாரு?" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை.