கிரப்புக்குத் தெரிந்த பாதை

கணினியைப் போட்டவுடன் லினக்ஸை ஏற்றிவிடும் நிரல்தான் கிரப் (GRUB). அதன் அமைப்புக் கோப்பைத் திறந்தவுடன் பலரும் தடுமாறுவது கர்னலின், அதாவது லினக்ஸின் மைய நிரல் கோப்பின், பாதையில்தான். லினக்ஸ் ஓடும்போது அந்தக் கோப்பு பூட் (/boot) அடைவுக்குள் இருக்கும். ஆனால் அந்தப் பூட் அடைவுக்கு வட்டில் தனிப் பகுதி, அதாவது தனிப் பார்ட்டிஷன், இருந்தால், கிரப் வரியில் 'பூட்' என்ற பெயரே வராது. ஒரு சாய்கோடு, உடனே கர்னல் பெயர். பார்ட்டிஷனை ஓர் அடைவோடு இணைக்கும் 'மவுன்ட்' வேலையெல்லாம் கர்னல் எழுந்த பிறகு நடக்கும் சங்கதி. கிரப்புக்கு அந்தப் பார்ட்டிஷன்தான் முழு உலகம்.

இதோடு விட்டார்களா? 'ரூட்' வேறு இரண்டு! 'செட் ரூட்' கிரப்புக்கு, கோப்புகளை எந்தப் பார்ட்டிஷனில் தேடுவது என்று சொல்ல; 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியில் வரும் ரூட் கர்னலுக்கு, லினக்ஸின் மூல அடைவு எந்தப் பார்ட்டிஷனில் என்று சொல்ல.

அப்புறம் எண்கள். கிரப் 2-இல் வட்டு 0-இலிருந்தும் பார்ட்டிஷன் 1-இலிருந்தும் தொடங்கும். பழைய கிரப்பில் இரண்டுமே 0-இலிருந்து. பழைய குறிப்பை அப்படியே ஒட்டினால் பக்கத்துப் பார்ட்டிஷனில் போய் நிற்கலாம். சந்தேகம் வந்தால் கிரப் மெனுவில் 'சி' (c) அழுத்தி, 'எல்எஸ்' (ls) அடித்துப் பாருங்கள்; கிரப்புக்குத் தெரியும் வட்டுகளும் பார்ட்டிஷன்களும் வரிசையாக வரும்.